ஸ்ரீபெரும்புதூரில் சந்தித்த இரண்டு திரைகள்

நெடுஞ்சாலையோரத் தொழில் வரலாறு – பகுதி 11

நோக்கியா ஆலை 2006-ல் திறந்து 2014 நவம்பர் 1 அன்று மூடிய கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அதே ஆண்டுகளில், அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. நம் ஒவ்வொரு வீட்டுக் கூடத்தையும் தொட்ட மாற்றம் அது. ஆனாலும் இந்தச் சென்னை–பெங்களூர் சாலைத் தொழில் வழித்தடத்தின் வரலாற்றில் அது அதிகம் பேசப்படுவதில்லை. டிவி பெட்டியின் கதை அது.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, தேர்தல் வாக்குறுதியின்படி இலவச கலர் டிவி திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. பிக்சர் டியூப் வைத்த பழைய வகை. அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டு வாங்கிய பெட்டிகள் 2011 வரை, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அவை ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்தபோதே, 2007 நவம்பரில், சாம்சங் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் தன் இரண்டாவது இந்திய ஆலையைத் திறந்தது. நொய்டா ஆலைக்கு அடுத்தது இது. தட்டைத் திரை டிவிகள் இங்கே உருவாகத் தொடங்கின.

ஒரே மாவட்டத்தில், ஒரே நேரத்தில், இரண்டு தொழில்நுட்பக் காலங்கள். ஒன்றின் வேர் 1930-களின் ஐரோப்பாவில். மற்றொன்றின் வேர் 1960-களின் டோக்கியோவில். இரண்டுக்கும் என்ன வேறுபாடு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியதில் நமக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதே இந்தப் பகுதி.

625 எங்கிருந்து வந்தது?

டிவி படம் என்பது கோடுகளின் அடுக்கு. எத்தனை கோடு, நொடிக்கு எத்தனை முறை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அனுப்பும் கோபுரமும் வாங்கும் பெட்டியும் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டால்தான் படம் தெரியும். அதனால்தான் டிவி வரலாறு முழுக்கத் தரங்களின் வரலாறாக இருக்கிறது.

பிரிட்டனில் 1935-ல் அரசுக் குழு ஒன்று, தரமான ஒளிபரப்புக்குக் குறைந்தது 240 கோடுகள் வேண்டும் என்று வரையறுத்தது. 1936 நவம்பரில் பிபிசி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பேர்ட் நிறுவனத்தின் 240 கோடு முறையும் மார்க்கோனி-இஎம்ஐ நிறுவனத்தின் 405 கோடு முறையும் மாறி மாறிச் சோதிக்கப்பட்டன. 405 வென்றது. அமெரிக்கா 525-ஐ எடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸ் 819 கோடு வரை போனது. மற்ற ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் 625-ல் நிலைத்தன. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கிய இந்தியாவும் 625-ஐயே ஏற்றது.

இந்த எண்கள் மனம்போனபடி வந்தவை அல்ல. 625 என்பது ஐந்தை நான்கு முறை பெருக்கினால் வருவது. 405 என்பது 3×3×3×3×5. 525 என்பது 3×5×5×7. சிறிய ஒற்றைப்படை எண்களால் வகுபடும் எண்ணாக இருந்தால், அன்றைய வால்வு சுற்றுகளில் அதிர்வெண்ணைப் படிப்படியாகப் பிரித்து ஒத்திசைவைக் காப்பது எளிது. மொத்தமும் ஒற்றைப்படையாக இருந்தே ஆக வேண்டும். காரணம், படத்தை இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்பும் முறை. ஏர் ஓட்டுகிறவர் ஒரு சால் விட்டு ஒரு சால் ஓட்டிப் போய், திரும்பி வந்து விடுபட்ட சால்களை உழுவதுபோல, முதலில் ஒரு கோடு விட்டு ஒரு கோடாகவும் பிறகு இடையில் விட்டவற்றையும் எலெக்ட்ரான் கற்றை வரையும். நொடிக்கு 25 முழுப் படங்கள்தான் வருகின்றன. ஆனால் திரை 50 முறை ஒளிர்வதால் கண்ணை உறுத்தும் சிமிட்டல் குறைகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்போடு இந்த 50 பொருந்தியது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்கள் படம் நொடிக்கு 30.

625-ஐ 25-ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,625 கோடுகள். அப்படியானால் ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ நொடி. அதில் 52 மைக்ரோ நொடிதான் படம். மீதி 12, கற்றை இடப்பக்கம் திரும்பி வருவதற்கும் ஒத்திசைவுத் துடிப்புக்கும். அதேபோல 625 கோடுகளில் ஏறத்தாழ 576 மட்டுமே கண்ணுக்குத் தெரிபவை. பழைய பெட்டிகளில் படம் மேலும் கீழுமாக உருளும்போது குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை போகுமே, அதுதான் கண்ணுக்குத் தெரியாத மீதிக் கோடுகளின் இடம்.

சென்னைத் தொலைக்காட்சியும் சென்னைப் பெட்டிகளும்

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் அன்று ஏரிப்பாசன ஊர். இராமானுஜர் அவதரித்த தலம் என்பதே அதன் அடையாளம். மொட்டை மாடியிலோ ஓட்டின் மேலோ இரும்புக் குழாயில் அலுமினிய ஆன்டெனாவைக் கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப, கீழே இருப்பவர் "இப்ப கிளியரா இருக்கு, அப்படியே விடு" என்று குரல் கொடுக்க, படம் பிடித்த காலம் அது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்குச் சொந்தமான டிவி தொழிலும் இருந்தது. டயனோரா, சாலிடேர் என்ற இரண்டு பெயர்களையும் ஐம்பது வயதைக் கடந்த எந்தத் தமிழ் வாசகரும் மறந்திருக்க மாட்டார். இரண்டும் சென்னை நிறுவனங்கள். மரப்பெட்டி, இழுத்து மூடும் ஷட்டர், கறுப்பு வெள்ளைப் படம். கறுப்பு வெள்ளை பிக்சர் டியூபைப் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தது. பின்னாளில் கலர் டியூபுகளை சாம்டெல்லும் மொஹாலியின் ஜே.சி.டி. எலெக்ட்ரானிக்ஸும் செய்தன. டிவியின் மிக விலையுயர்ந்த பாகம் இந்திய மண்ணிலேயே உருவானது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1982-ல் வண்ணம் வந்தது. ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பு வண்ணத்தில். ஆண்டு இறுதியில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி. நாம் எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கிய பால் முறை. அதன் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க என்டிஎஸ்சி முறையில், அலை வரும் வழியில் சிறிது பிசகினாலும் முகத்தின் நிறம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும். அதைச் சரிசெய்ய அங்கே பெட்டியில் தனியாக ஒரு திருகு வைக்க வேண்டியிருந்தது. பால் முறையில் வண்ணச் செய்தியின் ஒரு பகுதி ஒவ்வொரு கோட்டுக்கும் தலைகீழாக மாறி வரும். ஒரு கோட்டில் நிறம் சிவப்புப் பக்கம் பிசகினால் அடுத்த கோட்டில் எதிர்ப்பக்கம் பிசகும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிசகு அடிபட்டுப் போகும். ஆனால் சராசரி எடுக்க, முந்தைய கோட்டைச் சரியாக 64 மைக்ரோ நொடி எங்கேயாவது நிறுத்தி வைத்திருக்க வேண்டும். கணினி நினைவகம் வீட்டுக்கு எட்டாத அந்தக் காலத்தில் அதை எப்படிச் செய்தார்கள்? உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடித் துண்டால். மின் அலையை மனிதக் காதுக்கு எட்டாத ஒலி அலையாக மாற்றி அந்தக் கண்ணாடிக்குள் விட்டார்கள். அது உட்பக்கச் சுவர்களில் பலமுறை பட்டுத் திரும்பி, சரியாக ஒரு கோட்டு நேரம் கழித்து மறுமுனையில் வெளிவந்தது; மீண்டும் மின் அலையானது. அந்நாளைய கலர் டிவி ஒவ்வொன்றின் பலகையிலும் அந்தக் கண்ணாடி உட்கார்ந்திருந்தது. பிறகுதான் சில்லுகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

ஒரே தரத்தைப் பின்பற்றியதன் பலனைத் தென்கடற்கரைத் தமிழர்கள் நேரில் கண்டார்கள். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் அதன் கோபுரம். இலங்கையும் 625 கோடு பால் முறையையே எடுத்திருந்ததால், இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் உயரமான ஆன்டெனா கட்டியவர்களுக்கு, பெட்டியில் எந்த மாற்றமும் செய்யாமல் ரூபவாஹினி வண்ணத்தில் கிடைத்தது. கடலுக்கு இரு பக்கமும் ஒரே இலக்கணம்.

தரம் மாறுபட்டால் என்ன ஆகும் என்பதும் தமிழர்களுக்குத் தெரியும். டொராண்டோவிலிருந்து வந்த என்டிஎஸ்சி கல்யாண கேசட் சென்னை டெக்கில் உருண்டு ஓடும். பிரெஞ்சு முறையான செகாமில் பாரிஸில் பதிவான கேசட் நிறம் இல்லாமல் வரும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் "மல்டி சிஸ்டம் டெக்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். உலகத் தமிழ்க் குடும்பங்கள் மூன்று தொலைக்காட்சி இலக்கணங்களுக்குள் பிரிந்து கிடந்தன.

டோக்கியோவில் எழுந்த கேள்வி

1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்தபின், ஜப்பானின் என்.ஹெச்.கே. ஒளிபரப்பு நிறுவனத்தின் ஆய்வகம் ஒரு கேள்வியைக் கையிலெடுத்தது: திரையைப் பெட்டிக்குள் பார்க்கும் படமாக இல்லாமல், அங்கேயே இருப்பதுபோல் உணரவைக்க என்ன வேண்டும்? மனிதக் கண்ணை ஆராய்ந்து அவர்கள் கண்ட விடை, திரை நம் பார்வையில் சுமார் 30 பாகையை நிறைக்க வேண்டும் என்பது. பழைய டிவியைத் திரை உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்போம். இந்தப் புதிய திரையையோ மூன்று மடங்கு தூரத்தில் பார்க்க வேண்டும். அவ்வளவு நெருங்கினால் 625 கோடுகள் தனித்தனியாகத் தெரிந்துவிடும். அதனால் கோடுகள் ஏறத்தாழ இருமடங்காக வேண்டும்; படமும் அகல வேண்டும்.

அவர்கள் தேர்ந்த எண் 1125. இங்கும் பழைய கணக்கு விடவில்லை. 1125-க்கும் 625-க்கும் உள்ள விகிதம் 9-க்கு 5. 525-க்கு உள்ள விகிதம் 15-க்கு 7. உலகின் இரண்டு பெரிய முகாம்களிலிருந்தும் மாற்றிக்கொள்ள வசதியான நடுப்புள்ளி. அந்த 1125-ல் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் பின்னர் 1080 என்று நிலைபெற்றன. இன்று நாம் வாங்கும் ஃபுல் எச்.டி. டிவி அட்டையில் அச்சிட்ட அந்த எண், பழைய 525-க்கும் 625-க்கும் பிறந்த பிள்ளை.

தடையாக நின்றது அலைவரிசையின் அகலம். நம் தூர்தர்ஷன் படத்துக்குக் கிடைத்தது 5 மெகாஹெர்ட்ஸ். 52 மைக்ரோ நொடிக் கோட்டில் 5 மெகாஹெர்ட்ஸ் அலை 260 முறை ஏறி இறங்கும். ஆக, ஒரு கோட்டில் அதிகபட்சம் 520 கறுப்பு வெள்ளை மாற்றங்கள். அவ்வளவுதான் பால் படத்தின் கூர்மை. உயர் தெளிவுப் படத்தை அப்படியே அனலாக்காக அனுப்பினால் 20 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். நான்கைந்து தூர்தர்ஷன் நிலையங்களின் இடத்தை ஒரே சேனல் விழுங்கிவிடும். ஜப்பானியர்கள் மியூஸ் என்ற முறையில் அதை 8 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருக்கி, செயற்கைக்கோள் வழியாக 1989 முதல் சோதனை ஒளிபரப்பு செய்தார்கள். ஓடும் காட்சிகளில் படம் மங்கியது. அது அனலாக் சாலையின் எல்லை.

1990-ல் அமெரிக்காவின் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் முழுக்க முழுக்க டிஜிட்டல் முறையை முன்வைத்ததும் ஆட்டம் மாறியது. சுருக்காத எச்.டி. படம் நொடிக்கு ஏறத்தாழ 150 கோடி பிட் கேட்கும். ஆனால் அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப அனுப்பத் தேவையில்லை. மாறியதை மட்டும் சொன்னால் போதும். செய்தி வாசிப்பவரின் உதடும் கண்ணும் அசைகின்றன. பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை. இந்தக் கணக்கால் படத்தைப் பல மடங்கு சுருக்க முடிந்தது. பழைய சேனல் ஒன்றின் இடத்துக்குள்ளேயே எச்.டி. அடங்கியது.

இந்தியாவுக்கு எச்.டி.யும் விளையாட்டு வழியாகவே வந்தது. 2010 அக்டோபர் டெல்லி காமன்வெல்த் போட்டியைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் ஒளிபரப்பியது. 2011-ல் சன் டிவி எச்.டி. வந்தது.

இரண்டையும் எதிரெதிரே வைத்தால்

பால் படத்தை டிஜிட்டலாக மாற்றினால் 720-க்கு 576. அதாவது 4,14,720 புள்ளிகள். ஃபுல் எச்.டி. 1920-க்கு 1080, 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. வடிவம் நான்குக்கு மூன்றிலிருந்து பதினாறுக்கு ஒன்பதாக அகன்றது. பழைய படங்களை அகலத் திரையில் இழுத்துப் போட்டு எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் குண்டாகக் காட்டிய ஆண்டுகள், இந்த வடிவ மாற்றத்தின் வடு.

சிக்னல் மோசமானால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. அனலாக் படம் மெல்ல மெல்லக் கெடும். முதலில் புள்ளி விழும், கட்டடங்களில் பட்டு வரும் அலையால் நிழலுருவம் தெரியும், நிறம் போகும், ஆனாலும் ஆள் யாரென்று தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டல் படம் ஒரு எல்லை வரை பளிங்காக இருக்கும். அதைத் தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்து ஒரேயடியாக நின்றுவிடும். மழை வலுத்தால் டிஷ் வைத்த வீட்டில் டிவி நின்றுபோவது இதனால்தான்.

எல்லாவற்றையும் விட, கண்ணின் கணக்கு முக்கியமானது. எட்டடி தூரத்தில் இருந்து நல்ல கண்பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.7 மில்லிமீட்டர். 14 அங்குல பிக்சர் டியூபின் திரை உயரம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். 576 கோடுகள் என்றால் கோட்டுக்கு 0.35 மில்லிமீட்டர். கண்ணால் பிரிக்க முடியாத அளவு. அந்தச் சிறு திரையில் எச்.டி. காட்டினாலும் எட்டடியில் இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது. 43 அங்குலத் திரையில் உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். 576 கோடுகளானால் கோட்டுக்கு 0.9 மில்லிமீட்டர், சொரசொரப்பு தெரியும். 1080 ஆனால் 0.5, வழவழப்பாகிவிடும். திரை பெரிதானதால்தான் எச்.டி. தேவையானது. அரசு கொடுத்த பெட்டி பழையது என்று அன்று சிலர் குறை சொன்னார்கள். ஓரறை வீட்டில், அந்தத் திரை அளவில், அந்தத் தரம் போதுமானதாகவே இருந்தது என்பது கணக்கு சொல்லும் உண்மை.

பழையது முற்றாக மறையவும் இல்லை. நம் எச்.டி. சேனல்கள் இன்றும் நொடிக்கு 25 படங்களை, ஒரு கோடு விட்டு ஒரு கோடாக, 50 பாதிகளாகப் பிரித்தே அனுப்புகின்றன. 1930-களின் சிமிட்டல் பிரச்சினைக்குக் கண்ட தீர்வு, சிமிட்டலே இல்லாத பேனல்களின் காலத்திலும் தொடர்கிறது.

டியூபிலிருந்து பேனலுக்கு

இப்போது ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்புவோம். பிக்சர் டியூப் டிவியின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு தொழிலே தெரியும். புனல் வடிவக் கண்ணாடி, கழுத்தில் மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகள், கற்றையை வளைக்கும் செப்புச் சுருள், இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தித் தரும் எல்.ஓ.டி. கெட்டுப்போனால் தெருமுனை மெக்கானிக் பிரித்துப் பார்த்து "எல்.ஓ.டி. அடிச்சிடுச்சு" என்பார், அல்லது "டியூப் வீக்" என்பார். நோய்க்குப் பெயர் இருந்தது. மருந்தும் பஜாரில் இருந்தது.

தட்டைத் திரை டிவி வேறு விதம். இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம், ஓரத்தில் ஒட்டிய டிரைவர் சில்லுகள்: இதைத் தொழிலில் ஓப்பன் செல் என்பார்கள். ஆலையில் தூசு புகாத அறையில், எல்.இ.டி. பட்டைகளையும் ஒளியைப் பரப்பும் தகடுகளையும் அடுக்கி, அதன் மேல் ஓப்பன் செல்லைப் பொருத்தி, சட்டகம் மாட்டி, மின்பலகைகளை இணைப்பார்கள். பிறகு சோதனைப் படங்களை ஓடவிட்டு வெள்ளை நிறத்தைச் சமன்செய்து, அணைந்த புள்ளி உண்டா என்று பார்ப்பார்கள். துல்லியம் கேட்கும் வேலை. நம் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்ட இளைஞர்கள் அதை நன்றாகவே செய்தார்கள். ஆனால் டிவியின் விலையில் பாதிக்கும் மேல் அந்த ஓப்பன் செல்லில் இருக்கிறது. அது பெரும்பாலும் சீனா, தைவானிலிருந்து பெட்டியில் வருகிறது. இந்தியாவின் பிக்சர் டியூப் ஆலைகள் மூடிய பிறகு, அந்த இடத்துக்குப் பேனல் வடிக்கும் ஆலை எதுவும் வரவில்லை.

இந்தப் பலவீனம் 2018-ல் வெளிப்பட்டது. ஓப்பன் செல் மீது மத்திய அரசு இறக்குமதி வரி போட்டது. முதலில் 10 சதவீதம் என்று அறிவித்துப் பிறகு 5 ஆக்கியது. மறுபக்கம், 2010 முதல் நடப்பில் இருக்கும் ஆசியான் வர்த்தக ஒப்பந்தத்தின்படி வியட்நாமில் செய்த முழு டிவியை வரியில்லாமல் கொண்டுவரலாம். கணக்குப் பார்த்த சாம்சங், 2018 இறுதியில் ஸ்ரீபெரும்புதூரில் டிவி உற்பத்தியை நிறுத்தி வியட்நாமிலிருந்து இறக்குமதி செய்தது. 2019 செப்டம்பரில் வரி நீங்கியது. 2020 ஜூலை இறுதியில் கலர் டிவி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமானது. உற்பத்தி திரும்பி வந்தது. அந்த அக்டோபரிலேயே 5 சதவீத வரியும் திரும்பி வந்தது. வரி விகிதத்தில் ஐந்து புள்ளி மாறியதும் ஒரு தொழில் கடல் தாண்டிப் போய்விட்டது என்றால், அது இங்கே வேர் விடவில்லை என்றுதான் பொருள்.

கடைசி ஒரு மீட்டர்

அரசு கொடுத்த 14 அங்குலப் பெட்டிகள் என்னவாயின? 2012 அக்டோபர் இறுதியைக் கெடுவாக வைத்து, சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் தொடங்கிய கேபிள் டிஜிட்டல் மயம், 2017 மார்ச் இறுதிக் கெடுவோடு கிராமங்களையும் தொட்டது. அரசு கேபிளும் செட்-டாப் பாக்ஸ் கொடுத்தது. பழைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. செட்-டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் சொருகினார்கள், படம் வந்தது. அந்த மஞ்சள் ஒயரில் போவது அதே 625 கோடு பால் அலைதான். செயற்கைக்கோளிலும் கண்ணாடி இழையிலும் டிஜிட்டலாக வந்த படம், கடைசி ஒரு மீட்டரில் வால்டர் புரூக்கின் முறைக்கு மாறி வீட்டுத் திரைக்குள் நுழைந்தது. 2020-க்குப் பிறகு தூர்தர்ஷன் தன் அனலாக் கோபுரங்களைப் படிப்படியாக அணைத்து, 2022-க்குள் பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள இடங்களில் சுமார் ஐம்பது கோபுரங்களை மட்டும் மிச்சம் வைத்தது. கோபுரங்களில் பெரும்பாலும் நின்றுபோன பால், வீட்டு ஒயரில் இன்னும் ஓடுகிறது.

ஐம்பது ஆண்டுகளில் புள்ளிகள் ஐந்து மடங்காயின. டொராண்டோவில் எடுத்த கல்யாணப் படம் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தடையின்றி ஓடுகிறது. இது மகத்தான பேறு. ஆனால் அந்த ஐம்பது ஆண்டுகளில் டிவி தொழிலில் நம் பங்கு மேலிருந்து கீழே வந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் சென்னையில் பெட்டி, பெங்களூரில் டியூப் என்று உள்நாட்டிலேயே முடிந்த வேலை, இன்று வந்திறங்கும் பேனலுக்குச் சட்டகம் மாட்டும் வேலையாகச் சுருங்கியிருக்கிறது. தரத்தை வகுத்தவர்கள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். பேனலைச் செய்பவர்கள் கிழக்காசியாவில் இருக்கிறார்கள். நம் வழித்தடத்தில் கண்ணாடித் தொழிலுக்குக் குறைவில்லை. செயின்ட் கோபைன் 2000 முதல் இங்கே தட்டைக் கண்ணாடி வார்க்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் மொபைல் மேற்கண்ணாடி ஆலைக்கு 2024 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 22,919 கோடி ரூபாய் மின்னணு உதிரிபாகத் திட்டத்தில் டிஸ்ப்ளே தொகுதியும் இடம்பெறுகிறது.

தமிழ்நாட்டின் தொழில்துறையை வழிநடத்துபவர்கள் இந்த வாய்ப்பை, இன்னும் சில அசெம்பிளி வரிசைகளைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒளிப் பட்டை, பரப்புத் தகடு, டிரைவர் பலகை என்று ஒவ்வொரு பாகமாக இங்கே வேர்விடச் செய்ய வேண்டும். உலகத் தரங்களை வகுக்கும் குழுக்களில் நம் பொறியாளர்கள் உட்கார வழி செய்ய வேண்டும். 625-ஐயும் 1080-ஐயும் நாம் பிறரிடம் வாங்கிக்கொண்டோம். அடுத்த எண்ணை எழுதும் இடத்தில் ஸ்ரீபெரும்புதூரின் பெயரும் இருக்க வேண்டும்.

அடுத்த பகுதியில்: 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நீடித்த சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம்.

(தொடரும்)